நாடியை நிறுத்திய நிஷ்பந்தானந்தர்

ஜ்வாலாப்பூரில் அந்தத் தை மாதம் பனியைவிட அதிகமாகக் கவிந்திருந்தது ஒரு தாடி.

கங்கைக் கால்வாய்ப் பாலத்தின் தூண்களில் தாடி. பால் பூத் கதவில் தாடி. ரிக்‌ஷாக்களின் முதுகில் தாடி. தாடிக்கு மேலே இரண்டு கண்கள், தாடிக்குக் கீழே கொட்டை எழுத்து: 'இதயத்தை நிறுத்துவார். மீண்டும் ஓட்டுவார். யோகிராஜ் நிஷ்பந்தானந்தர் வருகிறார்.' அதற்கும் கீழே கொஞ்சம் அடக்கமாக: 'நாற்பத்தோரு நாள் இதய யோக மகாமுகாம். ஊசி இல்லை, கத்தி இல்லை, மாத்திரை அறவே இல்லை.'

நிஷ்பந்தம் என்றால் துடிப்பு இல்லாதது என்று பொருள். துடிப்பே இல்லாதவருக்கு ஆனந்தம் எங்கிருந்து வந்தது என்று யாரும் கேட்கவில்லை. கேட்கிற ஊராக இருந்தால் அந்தச் சுவரொட்டியை வேறு ஊரில் ஒட்டியிருப்பார்கள். பஸ்ஸை நாளுக்கு நூறு தடவை நிறுத்தி ஓட்டுகிற டிரைவருக்கு இந்த ஊரில் உட்கார நாற்காலி கொடுக்க ஆளில்லை. இதயத்தை ஒரே ஒரு தடவை நிறுத்தி ஓட்டுகிறேன் என்றவருக்குச் சிம்மாசனமே போட்டார்கள்.

முதல் நாள் காலை, கால்வாய்க் கரை மைதானத்தில் ஆயிரம் பேர். குரங்குக் குல்லாய்களும் கம்பளிப் போர்வைகளும் வாயிலிருந்து புகையுமாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்களுக்கு நடுவில் ஹர்கிஷோர் தியாகியும், பக்கத்தில் அவர் மனைவி விம்லேஷும்.

ஹர்கிஷோர் முப்பத்துநான்கு வருடம் தொழிற்சாலையில் லேத் பட்டறை மேஸ்திரியாக இருந்தவர். நூலளவு பிசகினாலும், "என்ன கண்ணை வீட்ல வெச்சுட்டு வந்தியா?" என்று வேலையைத் திருப்பி அனுப்புவார். அளந்து பார்க்காமல் எதையும் நம்பாதவர் என்று பெயர். அதெல்லாம் எட்டு மாதத்துக்கு முன்வரை. எட்டு மாதத்துக்கு முன்பு டீ குடித்துக்கொண்டிருக்கும்போது நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சரிந்தார். ரத்தக் குழாயில் அடைப்பு. ஸ்டென்ட் வைத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து மனிதர் எதைச் செய்தாலும் ஒரு கை நெஞ்சின்மேல் இருந்தது. உள்ளே ஓடுவது ஓடுகிறதா என்று பார்க்கிற கை. நிறையப் பயம், அந்தப் பயத்தை வெளியே சொல்ல வெட்கம். சாமியார்களுக்கு இதைவிடப் பதமான மண் வேறு வேண்டாம்.

விம்லேஷ் அங்கன்வாடியில் இருபத்தாறு வருடம் வேலை பார்த்தவள். தினமும் காலையில் மொட்டை மாடியில் அரை மணி நேரம் ஆசனம் செய்வாள். மூட்டுவலி குறைந்தது, தூக்கம் நன்றாக வந்தது, அவ்வளவுதான். அதற்காக அவள் யாரிடமும் காணிக்கை கேட்டதில்லை.

முதல் அரை மணி நேரம் சுவாமிஜி நன்றாகத்தான் நடத்தினார். மூச்சை இழு, விடு. கைகளைத் தலைக்கு மேலே தூக்கு, இறக்கு. பனியில் விறைத்திருந்த உடம்பெல்லாம் இளகியது. 'இதோடு எழுந்து போகச் சொன்னால் நல்ல மனுஷன்தான்' என்று விம்லேஷ் நினைத்துக்கொண்டாள். சுவாமிஜி போகச் சொல்லவில்லை.

காவிச் சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டார். பத்மாசனத்தில் அமர்ந்து இடது கையை மட்டும் வெளியே நீட்டினார். இதயம் இடப் பக்கம் இருப்பதால் இடது கை நாடிதான் மெய் பேசுமாம். "யாராவது வாங்க. சந்தேகப்படறவங்க முதல்ல வாங்க" என்றார்.

ஓய்வுபெற்ற தபால்காரர் சுக்பீர் மேடையேறி மணிக்கட்டைப் பிடித்தார். அவரும் நெஞ்சுவலிக்காரர்தான், ஹர்கிஷோரின் கால்வாய்க் கரை நடைத்தோழர். சுவாமிஜி கண்ணை மூடினார். மைதானம் மூச்சைப் பிடித்தது.

"இருக்கு... குறையுது..." சுக்பீர் விரலை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்தார். "இல்ல. நின்னுடுச்சு. சத்தியமா நின்னுடுச்சு."

"என் இதயம் இப்போது நின்றுவிட்டது" என்று மைக்கில் அறிவித்தார் சுவாமிஜி. அறிவித்துவிட்டு, வலது கையால் சூடான பாலை எடுத்து இரண்டு வாய் குடித்தார். இதயம் நின்ற ஒருவர் அதை மைக்கில் அறிவிப்பதும், மேற்கொண்டு பால் குடிப்பதும் உலகத்தில் எந்த மயானத்திலும் நடந்ததில்லை. ஆனால் ஆயிரம் பேரும் எழுந்து நின்று ஜெய் போட்டார்கள்.

"என் இதயத்தையே நான் நிறுத்தி ஓட்ட முடியும்னா, உங்க இதயத்துல இருக்கிற அடைப்பு எனக்கு எம்மாத்திரம்?" என்றார் சுவாமிஜி. "ஆனா ஒரு நிபந்தனை. யோகமும் விஷமும் ஒரே உடம்புல தங்காது. விஷம்னா என்னன்னு உங்க பையிலேயே இருக்கு."

மேடைக்குப் பக்கத்தில் ஆளுயரச் செப்பு அண்டா ஒன்று. பெயர் விஷக் குடம். வரிசையில் போய், 'ரோகம் ஸ்வாஹா' என்று சொல்லி, அவரவர் மாத்திரையை அதில் போட வேண்டும். நாற்பத்தோராம் நாள் அத்தனையையும் கால்வாயில் கரைப்பார்கள். கங்கைக்கும் ரத்தக் கொதிப்பு இருக்கிறதென்று அப்போதுதான் விம்லேஷுக்குத் தெரிந்தது.

அவள் பக்கத்தில் திரும்பிப் பார்த்தபோது ஹர்கிஷோர் இல்லை. வரிசையில் இருந்தார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டாள். "மாத்திரை டப்பா எங்கங்க?"

"குடத்துல."

"டப்பாவோடயா?"

"டப்பாவோட. பீடையைத் தனியா, அது குடியிருக்கிற வீட்டைத் தனியாவா ஒழிப்பாங்க?"

"ஸ்டென்ட் வெச்சவருங்க நீங்க. ரத்தம் உறையாம இருக்கிற மாத்திரையை ஒரு நாள்கூட விடக் கூடாதுன்னு டாக்டர் தலையில அடிச்சு சொன்னாங்க."

"டாக்டருக்கு இதயத்தை நிறுத்தத் தெரியுமா?"

"நிறுத்தாம பாத்துக்கத் தெரியும்."

ஹர்கிஷோர் போர்வையை இழுத்துத் தலையில் போர்த்திக்கொண்டார். மறுநாளும் அதற்கு மறுநாளும் சொல்லிப் பார்த்தாள். அழுதும் பார்த்தாள். "அந்த ஒன்பது மாத்திரையைப் பாக்கும்போதெல்லாம் நான் நோயாளின்னு அது எனக்குச் சொல்லுது, விம்லேஷ். அவர் ஒருத்தர்தான் நீ நல்லா இருக்கேன்னு சொல்றார்" என்றார் அவர். அதைக் கேட்டதும் அவளுக்குக் கோபம் போய்விட்டது. அறிவு மட்டும் போகவில்லை. அன்றே பஸ் ஏறி மருத்துவமனைக்குப் போனாள்.

டாக்டர் அனுபமா நேகி முழுவதையும் கேட்டார். "யோகா செய்யட்டும், நானே செய்யச் சொல்லுவேன். மனசு அடங்கும், பிரஷர் கொஞ்சம் இறங்கும், உடம்பு சொன்ன பேச்சு கேக்கும். ஆனா அது மாத்திரையோட சேந்து செய்ய வேண்டியது, மாத்திரைக்குப் பதிலா இல்ல. நிறுத்தினா ஸ்டென்ட்லயே ரத்தம் உறைஞ்சுடலாம். அவரைக் கூட்டிட்டு வாங்க, நான் பேசறேன்."

"வர மாட்டார். டாக்டரைப் பாத்தா பலன் போயிடுமாம். இதைப் பொடிச்சு சாப்பாட்ல போடலாமா?"

டாக்டர் பேனாவை மூடினார். "நோயாளிக்குத் தெரியாம குடுங்கன்னு நான் சொல்ல மாட்டேன், அம்மா. அது தப்பு."

"சரிங்க."

"எதை எல்லாம் பொடிக்கலாம், எதைப் பொடிக்கக் கூடாதுன்னு பொதுவாக் கேட்டா, சொல்லுவேன்."

"பொதுவாத்தான் கேக்கறேன்."

டாக்டர் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். பொடிக்கக் கூடாத இரண்டைப் பொடிக்கக் கூடியதாக மாற்றியும் கொடுத்தார். "ஆனா சீக்கிரம் அவர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்க" என்றார்.

அன்றிலிருந்து தியாகி வீட்டில் பாகற்காய் ராஜ்ஜியம். பாகற்காய்ப் பொரியல், பாகற்காய்க் குழம்பு, ரொட்டிக்குள் பாகற்காய். விரத நாளில் தயிரில் வெந்தயம்.

"என்ன இது, தினமும் கசப்பு?" என்றார் ஹர்கிஷோர்.

"யோகத்துக்குக் கசப்பு நல்லதுன்னு உங்க சுவாமிஜிதானே சொன்னார்?"

சுவாமிஜி எதைச் சொன்னார், எதைச் சொல்லவில்லை என்று யாருக்கு நினைவு இருக்கிறது? ஹர்கிஷோர் பக்தியோடு மென்று விழுங்கினார்.

பத்தாம் நாள் முகாமில் எல்லோருக்கும் பிரஷர் பார்த்தார்கள். பல பேருக்கு எகிறியிருந்தது. 'உடம்பு விஷத்தைக் கக்குகிறது' என்று அதற்கு விளக்கம் சொன்னார்கள். ஹர்கிஷோருக்கு மட்டும் நூற்றிருபத்தெட்டுக்கு எண்பத்திரண்டு. கடிகாரம்போல.

சுவாமிஜிக்கே முதலில் நம்பிக்கை வரவில்லை. இரண்டாவது தடவை பார்க்கச் சொன்னார். அதே கணக்கு. அவ்வளவுதான், மறுநாள் காலை பாலத்தின் தூணில் தாடிக்குப் பக்கத்தில் ஹர்கிஷோரின் குரங்குக் குல்லாய் முகம் வந்துவிட்டது. 'ஸ்டென்ட் வைத்தவர். பத்தே நாள். பிரஷர் 128/82. மாத்திரை பூஜ்யம்.'

ஹர்கிஷோர் தெருவில் நடந்தால் ஆட்கள் நிறுத்திக் கேட்டார்கள். அவர் இளைஞர்போல நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு பதில் சொன்னார். நெஞ்சின்மேல் இருந்த கை இப்போது இடுப்புக்கு வந்திருந்தது. விம்லேஷுக்குச் சிரிப்பை அடக்குவதே பெரிய ஆசனமாகிவிட்டது. பக்கத்து வீட்டு முனேஷிடம் மட்டும் விஷயத்தைச் சொல்லிவிட்டு இருவரும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு சிரித்தார்கள்.

அந்தச் சிரிப்பு இருபத்தொன்பதாம் நாள் நின்றது.

தபால்காரர் சுக்பீர் ஆரம்பத்தில் மாத்திரையைப் போடாமல் தயங்கிக்கொண்டிருந்தவர். ஹர்கிஷோரின் சுவரொட்டியைப் பார்த்துவிட்டுத்தான், பன்னிரண்டாம் நாள், தன் பொட்டலத்தைக் குடத்தில் போட்டார். இருபத்தொன்பதாம் நாள் முகாமிலிருந்து திரும்பும்போது பாலத்தின் நடுவில் சைக்கிளோடு விழுந்தார். பிழைத்தார். ஆனால் இதயத்தில் பாதி இனி வேலைக்கு வராது என்று சொல்லிவிட்டார்கள்.

மறுநாள் மேடையில் சுவாமிஜி கண்ணைத் துடைத்துக்கொண்டார். "அவர் ரகசியமா ஒரு மாத்திரை சாப்பிட்டிருக்கார். எனக்குத் தெரியும். சந்தேகம்தான் பெரிய அடைப்பு." கூட்டம் சுக்பீரை நினைத்து 'ச்சொ' கொட்டியது. விழுந்தவன்மேலேயே பழி விழுந்தது. தள்ளியவர்மேல் ரோஜா இதழ் விழுந்தது.

விம்லேஷ் எழுந்து வெளியே வந்தாள். அந்தச் சுவரொட்டியை ஒட்டியது சுவாமிஜியின் ஆட்கள். அதில் இருந்த கணக்கை எழுதியது அவள் கை. தன் புருஷனைக் காப்பாற்ற அவள் போட்ட பொடி, ஊரான் புருஷனைக் குடத்தடிக்குக் கொண்டுபோய்விட்டது. இனி பாகற்காய் மட்டும் போதாது.

அடுத்த மூன்று நாள் அவள் முன்வரிசையில் உட்கார்ந்து, எல்லோரும் பார்க்கிற மணிக்கட்டைப் பார்க்காமல், யாரும் பார்க்காததை எல்லாம் பார்த்தாள். நாடி நிற்கிறது, அது நிஜம். பிடித்துப் பார்த்தவர்கள் எல்லாம் கூலிக்கு வந்தவர்கள் இல்லை. அப்படியானால் கையில் ஏதோ இருக்கிறது. மூன்றாவது நாள்தான் பிடிபட்டது. சுவாமிஜி கண்ணை மூடும்போது இடது தோள் ஒரு விரற்கடை இறங்குகிறது, முழங்கை விலாவோடு ஒட்டிக்கொள்கிறது. அப்படி உட்காருவதை அவள் ஆயிரம் தடவை பார்த்திருக்கிறாள். அங்கன்வாடியில், அக்குளில் தெர்மாமீட்டர் வைத்த பிள்ளைகள் இப்படித்தான் உட்காரும், அது கீழே விழாமல் இருக்க.

நேராக வீட்டுக்கு வந்தாள். சமையலறையில் கூடையைக் கிளறி, உருண்டையான உருளைக்கிழங்கு ஒன்றை எடுத்து, முந்தானைக்குள் அக்குளில் வைத்துக்கொண்டு முனேஷைக் கூப்பிட்டாள்.

"என் நாடியைப் பாரு."

முனேஷ் மணிக்கட்டைப் பிடித்தாள். "ஓடுதே அண்ணி."

விம்லேஷ் கையை விலாவோடு இறுக்கினாள்.

முனேஷின் விரல் அங்கும் இங்கும் தேடியது. முகம் வெளுத்தது. "அண்ணி... உட்காருங்க அண்ணி. ஐயோ, உங்களுக்கு என்னமோ ஆகுது. நான் போய் ஆட்டோ கூட்டிட்டு வரேன்."

"ஆட்டோ வேணாம். நான் செத்து அரை நிமிஷம் ஆச்சு. டீ போடு" என்றாள் விம்லேஷ்.

உருளைக்கிழங்கை வெளியே எடுத்துக் காட்டியதும் முனேஷ் முதலில் திட்டினாள், பிறகு தானும் ஒரு தடவை செத்துப் பார்த்தாள். பெரிய ரகசியம் ஒன்றும் இல்லை. கைக்குப் போகிற ரத்தக் குழாய் அக்குள் வழியாகப் போகிறது. அங்கே அமுக்கினால் மணிக்கட்டில் ஓட்டம் நிற்கும். தோட்டத்துக் குழாயை மிதித்தால் செடிக்குத் தண்ணீர் வராது. அதற்காகக் கிணறு வற்றிவிட்டது என்று அர்த்தமா?

அன்று மாலையே ஹர்கிஷோருக்கும் செத்துக் காட்டினாள். அவர் இரண்டு தடவை நாடி பார்த்தார். உருளைக்கிழங்கைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு சொன்னார்: "நீ கிழங்கால செஞ்சே. அவர் தவத்தால செய்யறார். ரெண்டும் ஒண்ணா?"

விம்லேஷுக்கு உருளைக்கிழங்கை எறியலாம் என்று தோன்றியது. யார்மேல் என்பதில்தான் தயக்கம்.

"என் உடம்பே சாட்சி" என்றார் அவர். "மாத்திரை இல்லாம நிக்கறேன், பாரு."

மாத்திரை ரகசியம் நுனி நாக்கு வரை வந்தது. விழுங்கிக்கொண்டாள். இங்கே சொன்னால் வீட்டோடு போகும். சுக்பீர் விழுந்தது வீட்டில் இல்லை.

நாற்பத்தோராம் நாள் வந்தது. மைதானத்தில் இரண்டாயிரம் பேர். விஷக் குடத்துக்கு மாலை போட்டுத் தள்ளுவண்டியில் ஏற்றியிருந்தார்கள். மேடையில் ஹர்கிஷோருக்குச் சால்வை. எல்லோர் முன்னிலையிலும் பிரஷர் பார்த்தார்கள். நூற்றிருபத்தாறுக்கு எண்பது. ஜெய் கோஷம் பாலத்தைத் தாண்டிப் போனது.

"இந்த அற்புதத்துக்குப் பக்கத்துலயே இருந்து பாத்தவங்க, இவரோட மனைவி" என்றார் சுவாமிஜி. "மாதாஜி, ரெண்டு வார்த்தை சொல்லுங்க."

விம்லேஷ் பையோடு மேடையேறினாள். மைக்கைப் பிடித்தாள்.

"எனக்கு மேடையில பேசி வழக்கமில்ல. இவருக்குப் பிரஷர் நல்லா இருக்கிறது உண்மை. ஏன்னா இவர் தினமும் மாத்திரை சாப்பிட்டிருக்கார்."

ஹர்கிஷோர் சால்வையோடு எழுந்தார். "பொய். நான் ஒண்ணுகூடத் தொடல."

"நீங்க தொடல. நான்தான் பொடிச்சுப் பாகற்காய்ல போட்டேன்." பையிலிருந்து காலி மாத்திரை அட்டைகளைக் கட்டுக் கட்டாக எடுத்து மேசைமேல் வைத்தாள். "இவரைப் பாத்து மாத்திரையை நிறுத்தினவங்க யார் யாரோ, அவங்ககிட்ட மன்னிப்புக் கேட்கத்தான் வந்தேன். சுக்பீர் அண்ணன்கிட்ட நேத்தே கேட்டுட்டேன்."

ஹர்கிஷோர் அட்டைகளைப் பார்த்தார், மனைவியைப் பார்த்தார். அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியம் இல்லை.

சுவாமிஜி சிரித்தார். அந்தச் சிரிப்புக்குத்தான் காசு. "தாயே, மாத்திரை வேலை செய்யறதா இருந்தா முன்னாடியே செஞ்சிருக்கணும். நீங்க விஷம் குடுத்தீங்க. யோகம் அந்த விஷத்தையும் முறிச்சு உங்க புருஷனைக் காப்பாத்தியிருக்கு."

கூட்டம் 'அப்பாடா' என்று மூச்சு விட்டது. கைதட்டியது. யோசிக்காமல் தப்பித்துவிட்டதில் அவ்வளவு நிம்மதி.

"இன்னும் சந்தேகமா? பிடிங்க" என்று இடது கையை நீட்டினார் சுவாமிஜி. விம்லேஷ் மணிக்கட்டைப் பிடித்தாள். ஓடியது. மெலிந்தது. நின்றது.

"நின்னுடுச்சு" என்று மைக்கில் சொன்னாள், உள்ளதை உள்ளபடி. ஜெய் கோஷம் அடங்கும்வரை காத்திருந்தாள். பிறகு வலது கையால் பையிலிருந்து உருளைக்கிழங்கை எடுத்துத் தன் அக்குளில் வைத்துக்கொண்டாள். முனேஷ் மேடையேறி அவள் கையைப் பிடித்தாள்.

"இவங்களுக்கும் நின்னுடுச்சு" என்றாள் முனேஷ். ஒத்திகை பார்த்திருந்ததால் இந்தத் தடவை ஆட்டோ கூப்பிடவில்லை.

"கிழங்கு வித்தை வேற, தவம் வேற" என்றார் சுவாமிஜி. இப்போது சிரிப்பு தாடிக்கு வெளியே வரவில்லை.

"எங்க வீட்டுக்காரரும் அதையேதான் சொன்னார். அதனால ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். நாடி நின்னிருக்கும்போதே ரெண்டு கையையும் தலைக்கு மேல தூக்குங்க. தினமும் காலையில இந்த ஜனங்களை முதல்ல செய்யச் சொல்றீங்களே, அதே ஆசனம்தான்."

"சமாதியில அசையக் கூடாது, தாயே."

"பால் குடிக்கலாம், மைக்ல பேசலாம், கையை மட்டும் தூக்கக் கூடாதா?"

முன்வரிசையில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். முகாம் செயலாளர் மைக் கம்பியைத் தேடி ஓடினார். அதற்குள் ஹர்கிஷோர் பேசினார். அது அவிசுவாசியின் குரல் இல்லை.

"தூக்கிக் காட்டுங்க சுவாமிஜி. இவ வாயை அடைங்க. உங்களை நம்பி நான் ஊர் முழுக்க சொல்லியிருக்கேன். ஒரே ஒரு தடவை."

கூட்டத்துக்கும் அது நியாயமாகப் பட்டது. சுவாமிஜியால் முடியாதா என்ன? ஒரு கிழவி முதலில் தன் கைகளைத் தூக்கினாள். பிறகு பத்து, நூறு, மைதானம் முழுக்க இரண்டாயிரம் பேர் கைகளைத் தலைக்கு மேலே தூக்கிக்கொண்டு, "தூக்குங்க, சுவாமிஜி, தூக்குங்க" என்று பக்தியோடு பாட ஆரம்பித்தார்கள். எதிரிகள் கேட்டிருந்தால் சமாளித்திருப்பார். பக்தர்களிடம் மாட்டிக்கொண்டார்.

வலது கையைத் தூக்கினார்.

"இடது" என்றது கூட்டம்.

"இந்த இடத்தோட தூய்மை கெட்டுப்போச்சு" என்று அவர் எழுந்தார். விம்லேஷ் மணிக்கட்டை விடவில்லை. அந்தப் பக்கமாக ஹர்கிஷோர் வந்தார். இயந்திரத்தின் நெம்புகோலைப் பிடிப்பதுபோல சுவாமிஜியின் இடது முழங்கையைப் பிடித்தார். "தப்பா நினைக்காதீங்க, சுவாமிஜி" என்று சொல்லிவிட்டு மெதுவாக, மரியாதையாக, மேலே தூக்கினார்.

சால்வைக்குள்ளிருந்து பச்சை ரப்பர் பந்து ஒன்று விழுந்தது. மேடையில் ஒரு துள்ளு, படியில் மூன்று துள்ளு. உருண்டுபோய் முன்வரிசைக் கிழவியின் பாதத்தில் முட்டி நின்றது. குனிந்து தொட்டுக் கும்பிட்டுவிடுவாளோ என்று விம்லேஷ் பயந்தாள். கிழவி அதை எடுத்து அமுக்கிப் பார்த்தாள்.

"வந்துடுச்சு" என்றாள் விம்லேஷ் மைக்கில், விரலை எடுக்காமல். "நாடி வந்துடுச்சு. நிமிஷத்துக்கு நூத்துமுப்பது இருக்கும். சுவாமிஜி, நீங்க முதல்ல ஒரு நல்ல டாக்டரைப் பாருங்க."

அதற்குப் பிறகு சுவாமிஜி ஓடிய வேகத்தைப் பார்த்தவர்கள், யோகத்தால் உடம்புக்கு நன்மை உண்டு என்பதை ஒப்புக்கொண்டார்கள். இரண்டு நாள் கழித்து ரூர்க்கியில் தாடியில்லாமல் பிடிபட்டார். முன்பு முராதாபாத்தில் பித்தளைச் சொம்பு விற்றவர் என்று தெரிந்தது.

மைதானத்தில் விஷக் குடத்தை இருபது பேர் கவிழ்த்துவிட்டார்கள். "அந்த வெள்ளை என்னோடது", "ரோஸ் கலர் ரெண்டு எடுத்துக்கறேன், அளவு சரியா வரும்" என்று மாத்திரைகளைப் பொறுக்கினார்கள். நாற்பது நாள் பனியில் ஊறிப்போய்ப் பிசுபிசுத்த அந்தக் குவியலின்மேல் விம்லேஷ் ஏறி நின்றுகொண்டு, டாக்டரிடம் போகாமல் ஒன்றைக்கூட எடுக்கக் கூடாது என்று தொண்டை கட்டும்வரை கத்தினாள்.

வீட்டுக்குப் போகும் வழியில் ஹர்கிஷோர் பாலத்தின் நடுவில் நின்றார். தூணில் தன் முகம் இருந்த சுவரொட்டியை நகத்தால் கிழித்தார். பாதிதான் வந்தது.

"என்னை எல்லார் முன்னாடியும் கோமாளி ஆக்கிட்டே."

"ஆமா. உயிரோட இருக்கிற கோமாளி."

கையில் வந்த பாதியைக் கசக்கிக் கால்வாயில் எறிந்தார். "நான் மாத்திரையைத் தூக்கிப் போட்டது தப்பு. நீ மறைச்சுக் குடுத்ததும் தப்புதான், விம்லேஷ்."

"தப்புதான்" என்றாள் அவள். "மன்னிச்சுக்குங்க. இனி கையிலேயே தரேன்."

"சுக்பீர் வீட்டுக்கு நான் தனியாப் போக முடியாது. நீயும் வா."

இருவரும் போனார்கள். சுக்பீரின் மனைவி கதவைத் திறந்தாள், உட்காரச் சொல்லவில்லை. நின்றபடியே பேசிவிட்டு வந்தார்கள்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு வாசலில் சத்தம் கேட்டு விம்லேஷ் கதவைத் திறந்தாள். தெருவில் நாற்பது பேர். ஒவ்வொருவர் கையிலும் ஒரு பை. பைக்குள் உருளைக்கிழங்கு. "உருளைக்கிழங்கு மாதாவுக்கு ஜெய்" என்றார் முகாம் செயலாளர். நேற்று மைக் கம்பியைத் தேடி ஓடிய அதே செயலாளர். எல்லோருமாகக் குனிந்தார்கள். விம்லேஷ் இரண்டடி பின்னால் தாவினாள்.

"என்ன பண்றீங்க?"

"அவர் பந்து வெச்சு நிறுத்தினார், மாதாஜி. நீங்க வெறும் கிழங்கு வெச்சே நிறுத்திட்டீங்க. அவரைவிடப் பெரிய சக்தி" என்றார் செயலாளர். பின்னாலிருந்து ஒரு பெரியவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தார். "பிரஷருக்கு உருளைக்கிழங்குன்னு புரிஞ்சுபோச்சு, தாயே. எனக்குச் சக்கரை. அதுக்கு எந்தக் காய்?"

விம்லேஷ் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"உங்க கழுத்துக்கு மேல ஒண்ணு காய்ச்சிருக்கே, அதுதான். தினமும் காலையில எழுந்ததும் கொஞ்சம் பயன்படுத்துங்க. பக்க விளைவு கிடையாது. சாமியார்களுக்கு மட்டும் ஒத்துக்காது."